ஹோலில் படுக்கும் கணவருக்கு

கேள்வி: என் மனைவி ஆசிரியை, வயது 46. மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் முடிந்து, மூன்று கிழமைக்கு ஒருமுறை மட்டக்களப்புக்குக் கீமோவுக்குப் போய் வருகிறோம். இரண்டு தடவை ஏற்றியாயிற்று. முடி கொட்டிவிட்டது. சமையல், பிள்ளைகளின் படிப்பு, கடை எல்லாவற்றையும் நானே பார்க்கிறேன். அவருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று ஹோலில்தான் படுக்கிறேன். ஆனாலும் ‘தைரியமாய் இரு’ என்று சொன்னாலே எரிந்து விழுகிறார். நான் எதில் குறை விட்டேன்?
– பெயர் வேண்டாம், உப்புவெளி, திருகோணமலை.

பதில்: ஐயா, நீங்கள் செய்யும் வேலைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹோலில் படுப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் கண் அந்த இடத்தில்தான் நின்றது. மார்பில் கத்தி பட்டு, தலைமுடியும் போன நேரத்தில் கணவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் ஒரு மனைவி என்ன நினைப்பார்? காரணத்தை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். நம் ஊர் ஆண்கள் மனைவிக்காகச் செய்வதைக் கூட மனைவியிடம் சொல்வதில்லை!

இன்றைக்கே கேளுங்கள்: "நான் இங்கே படுக்கவா, தனியாகப் படுத்தால்தான் உனக்கு நித்திரை வருமா?" என்ன சொல்கிறாரோ அப்படியே செய்யுங்கள். புற்றுநோய் தொற்றாது. பக்கத்தில் படுக்கலாம், அணைக்கலாம். உங்களுக்குத் தடிமன், இருமல் என்றால் மட்டும் ஹோல் சரி. கீமோ ஏற்றியபின் ஏறக்குறைய 48 மணித்தியாலத்துக்கு மருந்து சிறுநீரிலும் சத்தியிலும் வெளியேறும் என்பதால், அவற்றைத் துப்புரவாக்கும்போது கையுறை போடுங்கள். தாம்பத்தியம் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சிகிச்சைக் காலத்தில் கரு தங்கக்கூடாது. பாதுகாப்பு பற்றி டொக்டரிடமே கேட்கலாம்.

‘தைரியமாய் இரு’ என்பதை வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அப்புறம் தன் பயத்தை யாரிடம் சொல்வது? அவர் பயம் என்றால் "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அதற்கு மேல் பேச்சு வராவிட்டால் பரவாயில்லை.

தைரியம் உங்களுக்குத்தான் வேண்டும், அதுவும் கேற்றடியில். ஊசி ஏற்றி 7 முதல் 14 நாள் வரையில்தான் பெரும்பாலும் கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறைந்திருக்கும். அந்த நாட்களில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருகிற பெரியம்மாவை "பிறகு வாங்கோ" என்று திருப்பி அனுப்ப வேண்டியவர் நீங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். கசாயம் வைக்கச் சொல்லி அன்னமுன்னா இலையோடு வருகிறவரிடம் இலையை வாங்கி வையுங்கள், டொக்டரிடம் கேட்காமல் அவிக்காதீர்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் குழப்பும்.

இனி, காய்ச்சல். இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு தெர்மோமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 பாகை ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால், நடுச்சாமமாக இருந்தாலும் உடனே திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்கக்கூடாது. கிண்ணியா, மூதூர், வாகரை தாண்டி மட்டக்களப்புக்கே போவோம் என்றும் புறப்படாதீர்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக "கீமோ எடுக்கிற ஆள்" என்று சொல்லி, கிளினிக் புத்தகத்தை நீட்டுங்கள். வெள்ளை அணு குறைந்தவருக்கு வரும் காய்ச்சல் சில மணித்தியாலத்திலேயே ஆபத்தாகலாம்.

சாப்பாட்டில் பிடிவாதம் வேண்டாம். மீன் குழம்பு கொதிக்கிற வாசத்துக்கே குமட்டலாம் (திருகோணமலையில் மீன் இல்லாத சமையலா என்கிறீர்கள், தெரியும்!). ஆறின சாப்பாட்டில் வாசம் குறைவு. ஆறின கஞ்சியோ, உறைப்பில்லாத சொதியோடு இடியப்பமோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். கரண்டி இரும்புபோல ருசித்தால் பிளாஸ்டிக் கரண்டி கொடுங்கள். வாய் புண்ணானால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், கிளினிக்கிலும் சொல்லுங்கள்.

அடுத்த தடவை மட்டக்களப்பில் வெளியே வாங்கில் இருந்துவிடாமல், அவர் சம்மதித்தால் டொக்டரிடம் கூடவே போங்கள். காய்ச்சல் வந்தால் எந்த இலக்கத்துக்கு எடுப்பது, மற்ற மருந்துகளை நிறுத்த வேண்டுமா என்ற இரண்டையும் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றக் கேள்விகளை அவர் கேட்கட்டும்.