163ஆவது ஆட்டம் ஏன் நடக்கவில்லை?

வணக்கம். அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான எம்.எல்.பி.யின் 2025 பருவத்தின் முடிவில் சின்சினாட்டி ரெட்ஸ், நியூயார்க் மெட்ஸ் ஆகிய இரு அணிகளுமே 83 வெற்றிகளுடன் நின்றபோது, தீர்மான ஆட்டம் எதுவும் வைக்காமல் ரெட்ஸை மட்டும் பிளேஆஃப் எனும் பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கு அனுப்பியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பிளேஆஃப் அணிகளின் எண்ணிக்கையை 2022இல் 12 ஆக உயர்த்தியபோதே, ஒவ்வோர் அணியும் ஆடும் 162 ஆட்டங்களுக்குப் பின் வந்ததால் 163ஆவது ஆட்டம் என்று ரசிகர்கள் அழைத்துவந்த அந்தத் தீர்மான ஆட்ட வழக்கம் கைவிடப்பட்டது. இப்போது இரண்டு அணிகள் சமநிலையில் முடித்தால், அவை அப்பருவத்தில் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதில் ரெட்ஸ் 4-2 என முந்தியிருந்தது. கடைசி நாளில் ரெட்ஸ் மில்வாக்கியிடம் தோற்றதால் மெட்ஸுக்கு முந்திச்செல்லும் வாய்ப்பு கிடைத்தது; ஆனால் மெட்ஸ் மயாமியிடம் 0-4 என வீழ்ந்ததால் அந்த வாய்ப்பும் வீணாயிற்று. 2018இல் ஒரே நாளில் இத்தகைய இரண்டு ஆட்டங்களைக் கண்ட எனக்கு, இந்த மாற்றம் இன்னும் உவப்பாக இல்லை.