தனி வேன் என்று பணம் வாங்கிவிட்டு வேறு குடும்பத்தையும் ஏற்றினால்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, காட்பாடியில் இருக்கிறேன். கடந்த ஏப்ரலில் கோவையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நம் பக்கத்துப் பாறைக் குன்றுகளையும் குடைவரைகளையும் சமணச் சிற்பங்களையும் காட்டலாம் என்று ஒரு டூர் ஏஜென்சியில் ஒரு நாள் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தோம். ஆறு பேருக்கு 24,000 ரூபாய். பெங்களூரில் இருக்கும் என் மகன்தான் ஜிபே-யில் முழுப் பணமும் அனுப்பினான். "உங்கள் குடும்பம் மட்டும்தான். காலை ஆறரைக்கு வேன். தொல்லியல் படித்த கைடு. வெயில் ஏறுவதற்குள் வள்ளிமலையை முடித்துவிடலாம், பிறகு மேல்பாடி, மகேந்திரவாடி, பஞ்சபாண்டவர் மலை" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள்.

வேன் வந்ததே எட்டேகாலுக்கு. வாலாஜாவில் நான்கு பேர் கொண்ட இன்னொரு குடும்பத்தை ஏற்றினார்கள். அவர்களுக்காக முதலில் சோளிங்கர் போய், அவர்கள் தரிசனம் முடித்து வரும்வரை நாங்கள் கீழே காத்திருந்தோம். அடுத்து மகேந்திரவாடி. வள்ளிமலை ஏறும்போது மணி பன்னிரண்டே முக்கால். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறிய என் வீட்டுக்காரர் (வயது 68), மேலே சுடுபாறையில் கால் வைக்க முடியாமல் ஓட்டமாக நடந்து, வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருத்துவச் செலவு 31,000. மற்ற இரண்டு இடங்களும் பார்க்கவில்லை. பணத்தைக் கேட்டால், வேனில் கொடுத்த ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள்: பணம் திருப்பித் தரப்படாது, விபத்துக்குப் பொறுப்பல்ல, வழக்கு சென்னையில் மட்டும். கைடு வெளி ஆள், அவரைக் கேளுங்கள் என்கிறார்கள். என் மருமகள் கூகுளில் விமர்சனம் எழுதியதற்கு, ஐந்து லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸும் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் உங்கள் வீட்டுக்காரரின் கை நல்லபடியாகக் கூடட்டும். உங்கள் பக்கம் வலுவான வழக்கு இருக்கிறது. ஆனால் கடிதத்தில் எழுதியிருக்கும் எல்லாக் குறைகளும் ஒரே வலு உள்ளவை அல்ல. எதை முன்னால் வைப்பது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் இந்த வழக்கு நிற்கும்.

இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் வரும் விஷயம். மகன் பணம் கட்டியதால் உங்களுக்கு உரிமை இல்லையோ என்ற சந்தேகம் வேண்டாம். பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பெறுகிறவரும் நுகர்வோர்தான் என்று பிரிவு 2(7) சொல்கிறது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மனுதாரர்களாக இருங்கள். மகனையும் சேர்த்துக்கொண்டால் பணம் கட்டியதை நிரூபிப்பது சுலபம்.

அந்த வாட்ஸ்அப் செய்தியைத் திரும்பப் படியுங்கள். நீங்கள் 24,000 ரூபாய் கொடுத்தது வேனில் ஆறு சீட்டுக்காக இல்லை. உங்கள் நேரம், உங்கள் வழி, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வேகம் என்று அமைந்த ஒரு பயணத்துக்காக. இன்னொரு குடும்பத்தை ஏற்றிய அந்த நிமிடமே விற்ற பொருள் மாறிவிட்டது. ஒத்துக்கொண்டபடி சேவை செய்யாதது பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு. தனி வண்டி என்று விலை பேசிவிட்டு அதே வண்டியில் வேறு இடத்திலும் பணம் வாங்கியிருந்தால், அது நேர்மையற்ற வணிக நடைமுறையும் ஆகும். வாலாஜா குடும்பத்தின் தொலைபேசி எண் உங்களிடம் இருந்தால் விடாதீர்கள். அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள், அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே போதும். மாவட்ட நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே விசாரிக்கிறது.

இனி விபத்து. எதிர்த்தரப்பு முழு பலத்தோடு வாதாடப் போவது இங்கேதான். "வெயில் அடித்தது நாங்களா? பாறை சுட்டால் நாங்கள் என்ன செய்வோம்? பார்த்து நடந்திருக்க வேண்டும்" என்பார்கள். வெயிலுக்கு யாரும் பொறுப்பில்லைதான். பெரியவரை வழுக்குப் பாறைக்குக் கூட்டிப்போனது மட்டும் தவறு என்று வாதிட்டால் நீங்கள் தோற்கக்கூடும். மலை பார்க்கத்தானே போனீர்கள் என்று கேட்பார்கள். ஆகவே நேரத்தைப் பிடியுங்கள். ஆறரைக்கு வேன் வந்திருந்தால், பொன்னை சாலையில் நேராகப் போயிருந்தால், எட்டு மணிக்கு முன்பே மலையேறத் தொடங்கியிருப்பீர்கள். வேலூர்ச் சித்திரை வெயில் எப்படி என்பது இந்த ஊரில் தொழில் செய்கிறவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் "வெயில் ஏறுவதற்குள்" என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த இரண்டு சொற்களைவிடப் பெரிய சாட்சி உங்களுக்கு வேண்டாம். ஆபத்து என்னவென்று தெரிந்திருந்தது, தவிர்க்கும் வழியையும் சொல்லியிருந்தார், இன்னொரு குடும்பத்தின் பணத்துக்காக அதைக் கைவிட்டார். தாமதம், வேறு ஆட்களை ஏற்றியது, சோளிங்கர் காத்திருப்பு, உச்சி வெயிலில் வெறுங்கால், விழுந்தது என்று ஒன்றோடொன்று தொடர்பு அறாமல் மனுவில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மணி போடுங்கள். போனில் எடுத்த படங்களிலேயே நேரம் பதிவாகியிருக்கும். சோளிங்கரில் கீழே காத்திருந்தபோது ஒரு டீ குடித்து ஜிபே செய்திருந்தால் அதுகூட உதவும்.

"கைடு ஏதாவது எச்சரித்தாரா?" என்று நிச்சயம் கேட்பார்கள். கோயில் மலை என்பதால் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் காலுறை போட்டுக்கொள்ளச் சொல்லலாம், நிழல் பார்த்து உட்காரவைக்கலாம், பெரியவர்கள் கீழேயே இருக்கட்டும் என்று சொல்லலாம். காசு வாங்கிக் கூட்டிப்போகிறவரின் கடமை அது. அவர் சொல்லியும் உங்கள் வீட்டுக்காரர் கேட்காமல் ஏறியிருந்தால், அதையும் மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். இழப்பீடு குறையலாமே தவிர, வழக்கு விழாது. கோயில் நிர்வாகத்தையோ தொல்லியல் துறையையோ எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டாம். அவர்கள் உங்களுக்கு எதையும் விற்கவில்லை.

கைடு வெளி ஆள் என்ற பேச்சு எடுபடாது. நீங்கள் ஒப்பந்தம் செய்தது ஏஜென்சியோடு. அது யாரை அனுப்பினாலும் அவர் செய்ததற்கு அதுவே பதில் சொல்ல வேண்டும். கைடுமீது உங்களுக்கு இருக்கும் இன்னொரு வருத்தம் கதை சொன்னது பற்றியதாக இருந்தால், அதைத் தனிக் குறையாக வைக்காதீர்கள். பஞ்சபாண்டவர் மலையில் பாண்டவர்கள் தங்கினார்கள் என்பது ஊர் வழக்கு, அதைச் சொல்வது குற்றமில்லை. ஆனால் "தொல்லியல் படித்தவர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கே நந்திவர்மப் பல்லவன் காலக் கல்வெட்டும் பொன்னியக்கியார் என்ற சமண யட்சியின் உருவமும் இருப்பதே தெரியாத ஒருவரை அனுப்பியிருந்தால், அது வாக்கு மீறல். அவருடைய படிப்புச் சான்றையும் கைடு உரிமத்தையும் காட்டும்படி, ஏஜென்சிக்கு நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீஸிலேயே கேளுங்கள். காட்டாவிட்டால் அதுவே உங்களுக்குச் சாதகம்.

கடிதத்தோடு அனுப்பிய படங்களில் ஒன்றைப் பார்த்து மனம் கலங்கியது. மகேந்திரவாடியில் தூண் கல்வெட்டின்மேல், எழுத்து படத்தில் தெரியட்டும் என்று கைடு சாக்பீஸால் தீற்றுகிறார். முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயில் அது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கும் எழுத்து அது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினாலோ உருக்குலைத்தாலோ, 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் பிரிவு 30-இன்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. படம் எடுத்ததற்காக உங்கள்மீது குற்றம் வராது. படத்தை அழித்துவிடாதீர்கள், கைடு பயிற்சி பெறாதவர் என்பதற்கு அது நேரடிச் சான்று. தொல்லியல் துறைக்கு ஒரு புகாரும் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். நாளைக்கு இன்னொரு குடும்பத்தோடு போய் அதே தூணில் மறுபடியும் தீற்றுவார்.

ரசீதின் பின்பக்கத்துக்கு வருவோம். பணம் கட்டி, நாள் குறித்து, ஒப்பந்தம் முடிந்த பிறகு வேனில் ஏறும்போது கையில் திணித்த காகிதம் அது. ஒப்பந்தம் முடிந்தபின் ஒருதலையாகச் சேர்த்த நிபந்தனை உங்களைக் கட்டாது. முன்பே கொடுத்திருந்தால்கூட, "பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரி அவரவர் மனம் மாறி வராமல் இருப்பதற்குப் பொருந்துமே தவிர, சொன்ன சேவையைச் செய்யாதவருக்குக் கேடயமாகாது. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது பிரிவு 2(47).

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வக்கீல்களே சில சமயம் கவனிக்கத் தவறுவது. மனுவில் "இந்த ஒப்பந்தமே நியாயமற்றது, அதை ரத்து செய்ய வேண்டும்" என்று கேட்காதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியது. அப்படி எழுதினால் வேலூரில் மனுவைத் திருப்பிவிடுவார்கள். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று மட்டும் எழுதுங்கள்.

சென்னையில்தான் வழக்கு என்ற வரியும் அப்படித்தான். மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று பிரிவு 34 உரிமை தந்திருக்கிறது. நீங்கள் பார்த்த இடங்கள் சில வேலூர் மாவட்டத்திலும் சில ராணிப்பேட்டை மாவட்டத்திலும் இருப்பதும் பொருட்டில்லை. பழைய வேலூர் மாவட்டமாக இருந்தவரை எல்லாம் ஒன்று. 2019-இல் பிரிந்தபின் எந்த மாவட்டம் என்று பலர் குழம்புகிறார்கள். நீங்கள் இருப்பது காட்பாடி. வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை; ஆனாலும் உடற்காயம் கலந்த வழக்கு என்பதால் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

அதற்கு முன் ஏஜென்சிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்த சான்றோடு. பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சில ஏஜென்சிகள் அந்த ஒரு அழைப்பிலேயே இறங்கி வருகின்றன. கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். மருத்துவச் செலவு முழுவதும், பிசியோதெரபி செலவு, கட்டிய பணம், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. பத்து லட்சம் என்று எழுதினால் உங்கள் உண்மையான நஷ்டத்தின் மேலேயே சந்தேகம் விழும். மகேந்திரவாடியை நீங்கள் பார்த்துவிட்டதால் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை ஆணையம் கழிக்கலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைக்காமல், முழுதாக எக்ஸ்போர்ட் செய்து, போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். வேனின் முன்னால் நின்று எடுத்த குடும்பப் படத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா பாருங்கள். மஞ்சள் பிளேட்டாக இல்லாமல் ஓன்போர்டு வண்டியாக இருந்தால் வாடகைக்கு ஓட்டியதே பெர்மிட் மீறல், ஆர்.டி.ஓ.வுக்குத் தனியாக எழுதலாம்.

மருமகளுக்கு வந்த நோட்டீஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பதில் அனுப்பாமலும் இருக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி, பொது நன்மைக்காக எழுதுவது அவதூறு ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 356-இல் விதிவிலக்கு இருக்கிறது. விமர்சனத்தில் வண்டி வந்த நேரம், ஏற்றிய ஆட்கள், விழுந்தது எல்லாம் இருக்கட்டும். "திருட்டுக் கும்பல்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அது நடந்த சம்பவம் இல்லை, கோபத்தில் வந்த வசை. எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான். திருத்துவதற்கு முன் பழையதை ஒரு பிரதி எடுத்து வைத்து, திருத்தியதைப் பதில் நோட்டீஸில் குறிப்பிட்டுவிடுங்கள்.

உங்கள் நோட்டீஸ் போனதும் அவர்கள் பேச்சுக்கு வரலாம். ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்பவும் வாய்ப்பு உண்டு. சமரசம் தவறில்லை. ஆனால் விமர்சனத்தை முழுதாக நீக்கினால்தான் பணம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய காகிதத்தில், கட்டைப் பிரித்து, கை முழுதாக மடங்குகிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவே கூடாது.