கொல்லிமலையில் இரண்டு ராத்திரி: வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில், கூட்டமில்லாத மலையூர் எது என்று கேட்ட ஒரு வாசகிக்குக் கொல்லிமலை என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்கக் கொல்லிமலைதான்.

சார், நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. கொல்லிமலையில் பார்க்க என்னதான் இருக்கிறது? காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

திரும்ப வேண்டாம் ஐயா. அப்படிப் போய் வருகிறவர்கள்தான் "அங்கே ஒன்றுமில்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி அடிவாரம், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. அதை ஏறி, ஒரு அருவி ஒரு கோயில் ஒரு வியூ பாயிண்ட் என்று ஓடிவிட்டு, இருட்டுவதற்குள் அதே 70 வளைவையும் இறங்கினால் மிஞ்சுவது தலைசுற்றல் மட்டும்தான். இரண்டு ராத்திரி தங்குங்கள்.

மேலே ஏறி முடித்ததும் மலை உச்சி வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போவீர்கள், ஆனால் கண்முன்னே வருவது நெல்வயல். 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிற மேட்டுநிலம் அது. பள்ளத்தில் நெல், சரிவில் வாழையும் அன்னாசியும், வீட்டுப் பக்கம் பலா, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, அதன் நிழலில் காபிச் செடி. செம்மேடுதான் அங்கே ஊர் என்று சொல்லத்தக்க இடம். பஸ் நிற்கும் இடம், கடைகள், சில விடுதிகள், குதிரைமேல் வில்லோடு உட்கார்ந்திருக்கும் வல்வில் ஓரி சிலை, அவ்வளவுதான். அது போதும்.

முதல் நாள் எங்கேயும் போகாதீர்கள். செம்மேட்டிலிருந்து ஏதாவது ஒரு கிராமத்துச் சாலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். மறுநாள் விடியற்காலையில் சோளக்காடு என்கிற ஊரின் பழச்சந்தைக்குப் போங்கள். பலா சீசனில் போனால், தரையில் குவித்த பழங்களுக்கு நடுவே வியாபாரி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். ஒன்றைத் தட்டிவிட்டு நகர்வார், இன்னொன்றைத் தட்டிக் காதைச் சாய்ப்பார், அது பழுத்துவிட்டது என்று அர்த்தம். நான் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் நானும் தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, விரலை மடக்கி எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று காட்டினார். எந்த வியூ பாயிண்ட்டையும்விட அந்தக் காலைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கார் ஓட்டக் கற்று ஆறு மாதம் ஆகிறது. 70 வளைவில் ஓட்டலாமா? பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

ஆசையை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். ஒரு வளைவு, இரண்டு வளைவு எல்லாருக்கும் வரும். நாற்பதாவது வளைவில் கை ஓய்ந்து போயிருக்கும்போது எதிரே பஸ் வந்தால் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம். பழகிய டிரைவரோடு போங்கள், அல்லது நாமக்கல், சேலம் பக்கமிருந்து பஸ் இருக்கிறது, அதில் ஏறிவிடுங்கள். ஜன்னல் ஓரம் முன்பக்கமாக இடம் பிடியுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

பழகியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகி, கடைசிப் பத்து வளைவில் பிடிக்காமல் போகும். வளைவில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். டேங்க்கைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், அதற்காக நிறுத்தித் தின்பண்டம் போடாதீர்கள். போட்டுப் போட்டுத்தான் அவை காட்டை விட்டுத் தார் ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன. ராசிபுரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் உண்டு, அதில் வளைவுகள் குறைவு.

ஆகாய கங்கை அருவிக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா? அவர்களுக்கு 65 வயது, முட்டிவலி உண்டு.
– வாசகர், கரூர்

வேண்டாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பல இடங்களில் செங்குத்து. இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஈரக்காற்று முகத்தில் அடிக்கும், அருவிச் சத்தம் இழுத்துக்கொண்டு போகும். ஏறும்போதுதான் தெரியும். முப்பது வயதுக்காரர்களே படியில் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

அம்மாவை மேலே அறப்பளீஸ்வரர் கோயிலில் உட்கார வையுங்கள். அருவிக்குப் படி இறங்குவது அந்தக் கோயில் பக்கத்திலிருந்துதான். சம்பந்தரும் அப்பரும் தங்கள் பாடல்களில் பெயர் சொல்லிய வைப்புத்தலம் அது. பக்கத்தில் ஓடுகிற ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடலாம். அந்த மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தபோது, துண்டுகள் ஒன்றுசேர்ந்து மறுபடி ஆற்றில் துள்ளிப் போனதாகக் கோயில் கதை. அம்மா அதைக் கேட்டுக்கொண்டு இருக்கட்டும், நீங்கள் காலையிலேயே இறங்கி ஏறிவிடுங்கள். மழைக்காலமான அக்டோபர், நவம்பர், டிசம்பரில் தண்ணீர் நன்றாக இருக்கும். கோடையில் போய்விட்டு நூல் மாதிரி வருகிறதே என்று வருத்தப்படக் கூடாது. ஐயாறு என்கிற அந்த ஆறுதான் அருவியாக விழுந்து, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைப் பக்கம் போகிறது. அம்மாவால் மலையே ஏற முடியாது என்றால் புளியஞ்சோலையில் கால் நனைக்கலாம், அதே தண்ணீர்தான்.

என் மகன் ஏழாம் வகுப்பு. வல்வில் ஓரி ஒரே அம்பில் ஐந்து விலங்குகளை வீழ்த்தினார் என்று பாடத்தில் படித்துவிட்டு, "இது நடக்குமா அப்பா?" என்கிறான். என்ன சொல்வது?
– வாசகர், விருத்தாசலம்

மகனை அழைத்துக்கொண்டு செம்மேட்டில் அந்தச் சிலைக்குக் கீழே நின்று பாட்டின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். பாடத்தில் பாதிதான் வருகிறது. புறநானூற்றில் வன்பரணர் பாடிய 152ஆம் பாட்டு அது. யானையைத் துளைத்த அம்பு, புலி, புள்ளிமான், பன்றி எல்லாவற்றையும் தாண்டிப் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்பது அதன் தொடக்கம். நடக்குமா என்றால், நடக்காது. புலவர் வேட்டைக்காரனின் கைபலத்தைச் சொல்ல அப்படிப் பாடினார் என்று நேராகவே சொல்லிவிடுங்கள், பையனுக்குப் புரியும்.

ஆனால் அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு உயிர். அந்த வேட்டைக்காரன் யாரென்று பாணர் கூட்டத்துக்குத் தெரியாது. மார்பில் கிடக்கும் அணியைப் பார்த்தால் கொலைத்தொழில் செய்கிறவன் மாதிரி இல்லையே, ஓரிதானோ என்று சந்தேகப்படுகிறார்கள். எதற்கும் பாடிப் பார்ப்போம் என்று யாழை மீட்டி, முழவில் மண் பூசிப் பாடுகிறார்கள். பாட்டில் அரசன் என்று பொருள்படும் "கோ" என்ற சொல் வந்ததும் அந்த ஆள் வெட்கப்படுகிறான். அதிலிருந்துதான் அவன் யாரென்று தெரிகிறது! அப்புறம், "உன்னைப் போல் வேட்டுவர் வேறு இல்லை" என்று இவர்கள் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கக்கூட விடாமல், மான்கறியும் மதுவும் தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் கொடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான், காட்டு வழியிலேயே நின்றுகொண்டு. புகழ்ந்தால் வெட்கப்படுகிற ராஜா. கடையெழு வள்ளல்களில் ஓரிக்கு ஏன் இடம் என்று பையன் அதில் தெரிந்துகொள்வான். பின்னால் முள்ளூர் மன்னன் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது, அதையும் சொல்லுங்கள்.

ஆடி 17, 18இல் செம்மேட்டில் ஓரி விழா நடக்கும். கலைநிகழ்ச்சி, ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் குளிக்க வருகிற கூட்டம் என்று மலையே நிரம்பியிருக்கும். பையனுக்குப் பிடிக்கும். தஞ்சாவூர் ஐயா அந்த வாரம் போக வேண்டாம்.

அங்கே இருப்பவர்களை 'மலையாளி' என்கிறார்களே, கேரளத்திலிருந்து வந்தவர்களா?
– வாசகி, சிவகாசி

இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். தமிழ் பேசும் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள்: வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, சேலூர்நாடு, தின்னனூர்நாடு, அரியூர்நாடு. ஒவ்வொன்றும் தனி நாடு. அதனால் தோட்டத்துக்குள் நுழைந்து போட்டோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் வேண்டாம் என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள்.

சாமைச் சோறு சாப்பிட வேண்டும் என்றே போனோம். எந்தக் கடையிலும் இல்லை, எங்கும் பரோட்டாதான். ஏமாந்துவிட்டோம். ஏன் இப்படி?
– வாசகர், மதுரை

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதில் கடைக்காரர் தப்பு எதுவும் இல்லை. சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியதும் குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, விலை கிடைத்தது, கிழங்கை லாரியில் ஏற்றினால் கையில் மொத்தமாகக் காசு. அதே சமயம் ரேஷன் அரிசியும் மலைக்கு வந்துவிட்டது. இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டுக் குத்திப் புடைத்து, மறுபடி குத்தி மறுபடி புடைத்து, ஒருவேளைச் சோற்றுக்குப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அவர்கள் அரிசிக்கு மாறியதைக் குறைசொல்ல நமக்கு வாய் இருக்கிறதா? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களாக அங்கே வேலை செய்து, உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களுக்கே கொண்டுபோய், மகளிர் குழுக்கள் மூலம் சாமையையும் தினையையும் விற்கவும் வழி செய்தது. சாமை திரும்ப வருவதற்கு அந்த இயந்திரம் பெரிய காரணம்.

அடுத்த முறை தங்குகிற இடத்தில் முதல் நாளே சொல்லிவையுங்கள், சமைத்துத் தருவார்கள். திரும்பும்போது இரண்டு கிலோ சாமை வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தீர்களா? சோளக்காட்டிலும் கோயில் பக்கமும் கிடைக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு ரோமம் மூடி, பார்க்க அசல் ஆட்டுக்கால். ஒரு பாட்டி கத்தியால் அந்த ரோமத்தைச் சுரண்டிக்கொண்டே இருப்பார், உள்ளே வெளிர்பச்சையாக வரும். அதை இடித்து மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தால், அந்தக் குளிரில் தொண்டையில் இறங்குவதே தனிசுகம். முட்டிவலி போய்விடும் என்று எல்லாரும் சொல்வார்கள். குளிருக்கு இதமான சூப் என்று குடியுங்கள், அதை நம்பி டாக்டர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நண்பர்கள் பத்துப் பேர், ஸ்பீக்கர் எடுத்துக்கொண்டு போகிறோம். நல்ல வியூ பாயிண்ட் சொல்லுங்கள்.
– வாசகர், கோவை

சீக்குப்பாறை, சேலூர். ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் தம்பி. பாட்டிலையும்தான். பாறையில் உடைந்து கிடக்கிற கண்ணாடி, மறுநாள் ஆடு மேய்க்க வருகிற பிள்ளையின் காலில்தான் ஏறும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாடு முழுக்கத் தடை. மலையில் குப்பை அள்ளும் வண்டி எல்லாப் பாறைக்கும் வராது, கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வாங்கி வர என்ன நல்லது?
– வாசகி, திருப்பூர்

மிளகு, காபிக்கொட்டை, மலைவாழை. வாழையைக் காயாக வாங்குங்கள், வளைவில் குலுங்கிக் குலுங்கி வீட்டுக்கு வரும்போது தானாகப் பழுக்கும். பலாப்பழம் வாங்கினால் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள், லக்கேஜ் கட்டணம் கேட்பார். சாக்கில் கட்டிக் காலடியில் வைக்காமல் பின்பக்கம் முட்டுக்கொடுத்து வையுங்கள். முதல் வளைவிலேயே அது உருள ஆரம்பித்துவிடும்.