ரியல் மாட்ரிட் மகளிர் அணி: 2014-ஆ, 2020-ஆ?

வணக்கம். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் மகளிர் கால்பந்து அணியின் தொடக்கம் ஓரிடத்தில் 2014, இன்னோரிடத்தில் 2020 என்று வருகிறது, பட்டியலில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. 2014-இல் பிறந்தது டாக்கோன் என்ற தனிக் கழகம். அதை இணைத்துக்கொள்ள 2019 செப்டம்பரில் ரியல் மாட்ரிட் உறுப்பினர் பேரவை ஒப்புதல் தந்தது. இணைப்பு நடப்புக்கு வந்தது 2020 ஜூலை 1.

ஆகவே இரண்டு வரிகளாகப் பிரியுங்கள். 2019-20 பருவம் டாக்கோன் கணக்கில்தான் சேர வேண்டும். அப்போது டாக்கோன் ஆடிய வளாகம் ரியல் மாட்ரிடுடையது என்பதால் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். அந்தப் பருவத்தில் பார்சலோனாவிடம் கண்ட 9-1 தோல்வி டாக்கோனுடையது. 2020 அக்டோபரில் அதே பார்சலோனாவிடம் 4-0 என்று தோற்றதுதான் ரியல் மாட்ரிட் பெயரில் முதல் லீக் ஆட்டம். அந்தப் பருவத்திலேயே லீக்கில் இரண்டாமிடம் பிடித்தார்கள், அருமையான மீட்சி!