ஒபாமா எப்போது மனம் மாறினார்? – கேள்வி பதில்

போன வாரம் அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றிப் பேசும்போது, தன்பாலினத் திருமண விஷயத்தில் ஒபாமா அடித்த பல்டியைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். 2008 தேர்தல் சமயத்தில் கலிஃபோர்னியாவில் வேலையில் இருந்தேன் என்பதால் ஒன்றிரண்டை நேரில் பார்த்தேன். மற்றதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

சார், ஆரம்பத்தில் எதிர்த்தார், 2012இல் ஆதரித்தார். இதில் பல்டி எங்கே வந்தது? ஒரு மனிதர் மனம் மாறக்கூடாதா?

தாராளமாக மாறலாம். ஆனால் அவர் ஆரம்பித்தது எதிர்ப்பில் இல்லை. 1996இல் இலினாய் மாநில செனட்டுக்கு முதல்முறை நின்றபோது, சிகாகோவில் வந்துகொண்டிருந்த 'அவுட்லைன்ஸ்' என்ற தன்பாலினத்தவர் பத்திரிகை வேட்பாளர்களுக்கு ஒரு கேள்விப் படிவம் அனுப்பியது. ஒபாமா தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பிய பதில் இதுதான்: தன்பாலினத் திருமணத்தைச் சட்டப்படி அங்கீகரிப்பதை ஆதரிக்கிறேன், அதைத் தடுக்கும் முயற்சிகளை எதிர்த்துப் போராடுவேன். இரண்டே வருடம் கழித்து, 1998இல், அதே பத்திரிகை கேட்டபோது பதில் ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது: "முடிவெடுக்கவில்லை." 2004இல் அமெரிக்க செனட்டுக்கு நிற்கும்போது, சிவில் யூனியன் (திருமணம் என்ற பெயரில்லாமல் ஜோடிகளுக்குத் தரும் சட்ட அங்கீகாரம்) சரி, திருமணம் வேண்டாம். 2008இலும் அதேதான். 2010இல், மனோபாவங்கள் மாறிக்கொண்டு வருகின்றன, என்னுடையதும்தான் என்றார். 2012இல் ஆதரவு.

வரிசையாக வைத்துப் பாருங்கள்: ஆமாம், தெரியவில்லை, இல்லை, யோசிக்கிறேன், ஆமாம். கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து சேர பதினாறு வருடம்.

அந்த 1996 படிவத்தை அவர் எழுதவே இல்லை என்று வெள்ளை மாளிகையே சொன்னதாகப் படித்தேனே?

சொன்னார்கள், உடனே விழுங்கியும்விட்டார்கள். 2011 ஜூனில் அவருடைய தகவல் தொடர்பு இயக்குநர் டான் ஃபைஃபர் ஒரு கூட்டத்தில், படிவத்தை வேறு யாரோ நிரப்பியிருக்கிறார்கள் என்றார். ஆனால் கடைசியில் ஒபாமாவின் கையெழுத்து இருக்கிறதே! அது போதாதென்று, அதே 1996இல் இன்னோர் அமைப்பு அனுப்பிய படிவத்தில், திருமண உரிமைத் தீர்மானம் வந்தால் ஆதரிப்பேன் என்று கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். வெள்ளை மாளிகை அப்புறம் அந்த விளக்கத்திலிருந்து பின்வாங்கிவிட்டது.

அண்ணா, அப்படியானால் நடுவில் ஏன் பின்வாங்கினார்? பயமா?

கணக்கு. 1996இல் அவர் நின்ற தொகுதியில் ஹைட் பார்க் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள பகுதி, முற்போக்காளர்கள் நிறைய. அங்கே அந்தப் பதிலால் ஓட்டுக் குறையாது. ஆனால் அதே வருடம்தான் கிளிண்டன், திருமணம் என்றால் ஆண்-பெண் பந்தம் மட்டுமே என்று மத்திய அரசளவில் வரையறுத்த 'டோமா' சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கேலப் நிறுவனம் அன்று எடுத்த கருத்துக்கணிப்பில் தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவு 27 சதவீதம். ஹைட் பார்க்கைத் தாண்டி மாநிலம் முழுக்க, பிறகு நாடு முழுக்க ஓட்டுக் கேட்க நினைப்பவருக்கு அந்தப் பழைய காகிதம் இடுப்பில் கட்டிய கல்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. அவருடைய வலது கரமாக இருந்த டேவிட் ஆக்சல்ராட் 2015இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கறுப்பினத் தேவாலயங்களில் எதிர்ப்பு பலமாக இருந்தது, என்னைப் போன்றவர்கள் சொன்ன யோசனையை ஒபாமா மனமில்லாமல் ஏற்றுக்கொண்டார், சிவில் யூனியன் என்ற நிலைப்பாட்டுக்கு வந்தார் என்கிறார். ஒரு கூட்டத்தில் இந்தக் கேள்விக்குத் திக்கித் திணறிப் பதில் சொல்லிவிட்டு வந்தவர், எனக்குச் சரடு விடத் தெரியவில்லை என்ற பொருளில் ஒரு கெட்ட வார்த்தையோடு சலித்துக்கொண்டாராம்.

புத்தகம் வந்ததும் ஒபாமா மறுத்தார். டேவிட் என் சொந்த உணர்வையும் என் நிலைப்பாட்டையும் போட்டுக் குழப்புகிறார் என்றார். அந்த மறுப்பை இரண்டு தடவை படித்துப் பாருங்கள். உணர்வு வேறு, நிலைப்பாடு வேறு என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது! அவருடைய தரப்பையும் சொல்லிவிடுகிறேன்: சட்ட உரிமைகள் எல்லாம் சமமாகக் கிடைத்தால் சிவில் யூனியனே போதும் என்று அப்போது நினைத்தேன் என்கிறார்.

சிவில் யூனியன் என்றால் பெயர்தானே வேறு? அதற்கு ஏன் இவ்வளவு ரகளை?

பெயர் மட்டும் வேறு என்றால் ரகளையே இல்லை. சிவில் யூனியன் மாநிலம் தருவது. அந்த எல்லைக்கு வெளியே வரி, பென்ஷன், குடியுரிமை என எதிலும் மத்திய அரசு அதைக் கண்டுகொள்ளாது. டோமா இருந்தவரை முறைப்படி நடந்த திருமணத்துக்கே அந்தக் கதிதான். நியூயார்க்கின் எடித் வின்ட்ஸர் என்ற மூதாட்டி, நாற்பது வருடத்துக்கு மேல் கூட இருந்த துணைவியை 2007இல் டொரன்டோவில் மணந்தார். துணைவி 2009இல் இறந்ததும் எடித்துக்கு வந்த வாரிசு வரி 3,63,053 டாலர். இறந்தது கணவராக இருந்திருந்தால் ஒரு காசு கட்ட வேண்டாம். இந்த ஒரு பில்லை எடுத்துக்கொண்டுதான் அவர் வழக்குப் போட்டார். 2013 ஜூன் 26இல் உச்ச நீதிமன்றம் டோமாவின் அந்தப் பிரிவை 5-4 என்ற கணக்கில் ரத்து செய்தது.

2008இல் ஒரு பாஸ்டர் எதிரில் உட்கார்ந்து என்ன சொன்னார்? அதை ஏன் இன்னும் கிண்டுகிறார்கள்?

அதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு உறுத்தும் இடம். 2008 ஆகஸ்ட், கலிஃபோர்னியாவில் சேடில்பேக் தேவாலயம். பாஸ்டர் ரிக் வாரன், திருமணத்தை எப்படி வரையறுப்பீர்கள் என்று கேட்கிறார். திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான பந்தம் என்று நம்புகிறேன் என்கிறார் ஒபாமா. அரங்கில் கைதட்டல். கிறிஸ்தவனான எனக்கு அது புனிதமான பந்தமும்கூட, கடவுளும் அதில் கலந்திருக்கிறார் என்று தொடர்கிறார்.

அந்த நவம்பரில் கலிஃபோர்னியாவில் 'பிராப் 8' ஓட்டெடுப்பு வந்தது. அந்த மாநிலத்தில் ஜூனில்தான் தன்பாலினத் திருமணங்கள் தொடங்கியிருந்தன. அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் தீர்மானம். ஒபாமா அதை எதிர்த்துக் கடிதம் கொடுத்திருந்தார். கடிதத்தை யார் படிக்கிறார்கள்? தீர்மானத்தை ஆதரித்தவர்கள் சேடில்பேக் பேச்சை வெட்டி எடுத்து, தானியங்கி ஃபோன் அழைப்புகளில் அவர் குரலிலேயே ஓடவிட்டார்கள். நான் குடியிருந்த தெருவில் ஒரு வீட்டுப் புல்தரையில் இரண்டு அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் குத்தியிருந்தன. ஒன்று ஒபாமாவுக்கு, இன்னொன்று மஞ்சளும் நீலமுமாக 'யெஸ் ஆன் 8'. தினமும் நடைப்பயிற்சிக்குப் போகும்போது பார்ப்பேன். அந்த வீட்டுக்காரருக்கு அதில் எந்த முரண்பாடும் தெரிந்திருக்காது. தலைவர் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார்!

ஒரே நாள், ஒரே ஓட்டுச் சீட்டு. மாநிலத்தில் ஒபாமாவுக்கு 61 சதவீதம், பிராப் 8க்கு 52 சதவீதம். ஒபாமா தெளிவாகப் பேசியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் அவர் மனசுக்குள் வைத்திருந்ததற்கான விலையைக் கொடுத்தது அவர் இல்லை. அப்புறம் 2009 பதவியேற்பில் பிரார்த்தனை சொல்ல அழைக்கப்பட்டவர் யார் என்கிறீர்கள்? அதே ரிக் வாரன்.

2012இல் பைடன் உளறிக்கொட்டியதால்தான் ஒபாமா வாயைத் திறந்தார் என்பது உண்மையா?

பாதி உண்மை. மே 6, ஞாயிறு காலை டி.வி. பேட்டியில், தன்பாலின ஜோடிகளுக்கும் மற்றவர்களுக்கு இருக்கும் அதே உரிமைகள் இருப்பதில் தனக்கு எந்தச் சங்கடமும் இல்லை என்றார் துணை அதிபர் பைடன். திங்களன்று கல்வித்துறைச் செயலர் ஆர்னி டங்கன், ஆமாம், நானும் ஆதரிக்கிறேன் என்றார். நிருபர்கள் கூட்டத்தில் அதிபரின் செய்தித் தொடர்பாளரை வறுத்தெடுத்தார்கள். துணை அதிபருக்கே தெளிவு இருக்கிறது, அதிபர் மட்டும் எத்தனை நாளைக்கு மதில்மேல் பூனை? புதன்கிழமை, மே 9, ஏபிசி டி.வி.யின் ராபின் ராபர்ட்ஸை அவசரமாக வரவழைத்து, தன்பாலின ஜோடிகள் மணந்துகொள்ள முடிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் மகள்கள் மாலியாவும் சாஷாவும் தங்கள் தோழிகளின் பெற்றோரைப் பற்றிப் பேசுவதைச் சொன்னார். அந்தப் பெற்றோரில் சிலர் தன்பாலின ஜோடிகள், அவர்களை வேறு மாதிரி நடத்த வேண்டும் என்று என் பிள்ளைகளுக்குத் தோன்றவே தோன்றாது என்றார். மற்ற காரணங்களை விட இது எனக்கு நம்பும்படி இருந்தது. தேர்தலுக்கு முன்னால் எப்படியும் அறிவிப்பதாகத்தான் இருந்தார் என்று அவர் தரப்பில் சொன்னார்கள். பைடன் தேதியை முன்னால் இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

எல்லாம் ஓட்டுக்காகப் போட்ட நாடகம். நீங்கள் ஏன் பூசி மெழுகுகிறீர்கள்?

மேலே சேடில்பேக் பதிலைப் படித்துவிட்டுமா இப்படிக் கேட்கிறீர்கள்? சரி. 1998 முதல் 2010 வரை அவர் பேசியது ஓட்டுக் கணக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2012இல் மட்டும் அந்த விளக்கம் முழுசாகப் பொருந்தவில்லை. பேட்டிக்கு முந்தின நாள்தான் வட கரோலினா மக்கள் தன்பாலினத் திருமணத்துக்கு எதிரான சட்டத் திருத்தத்தை 61 சதவீத ஓட்டோடு நிறைவேற்றினார்கள். 2008இல் அவர் மயிரிழையில் ஜெயித்த மாநிலம் அது. நவம்பரில் தோற்றார். அதே நேரம், ஆதரவாளர்களிடமிருந்து நன்கொடை குவிந்ததும் நிஜம். அந்தப் பேட்டியிலேயே, முடிவை மாநிலங்களுக்கு விட்டுவிடலாம் என்று ஒரு பின்வாசலையும் திறந்து வைத்துக்கொண்டார். அதை அவர் முழுதாக மூடியது 2014இல்தான். அரசியல் சாசனத்தின் சமப் பாதுகாப்பு விதிப்படி எல்லா மாநிலங்களிலும் இந்த உரிமை இருக்க வேண்டும் என்று அந்த வருடம் சொன்னார்.

அவருடைய அப்பா கென்யாக்காரர், அம்மா வெள்ளைக்காரர். இப்படிப்பட்டவருக்கு இது கூடவா புரியாமல் போச்சு?

புரிந்துதான் இருந்தது. அவர் பெற்றோர் 1961இல் ஹவாயில் மணந்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அந்தத் திருமணம் சட்ட விரோதம். உச்ச நீதிமன்றம் அந்தத் தடைகளை நீக்கியது 1967இல். 2006இல் எழுதிய புத்தகத்திலேயே, திருமணத்தை ஆதரிக்க நான் தயங்குவது தவறாக இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். தவறாக இருக்கலாம் என்று எழுதிவிட்டு அதே தயக்கத்தோடு இன்னும் ஆறு வருடம் ஓட்டினார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

கறுப்பினத் தேவாலயங்கள் எதிர்க்கும் என்று பயந்தார்களே, எதிர்த்தார்களா?

சில பாஸ்டர்கள் எதிர்த்தார்கள். ஆனால் பேட்டி வந்த பத்தாவது நாள், கறுப்பினத்தவரின் மிகப் பழைய உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. திருமண உரிமையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. கறுப்பினத்தவர் கணிசமாக வாழும் மேரிலாந்தில் அந்த நவம்பரிலேயே மக்கள் ஓட்டில் அது ஜெயித்தது.

பேச்சை விடுங்கள் ஐயா. செய்தது என்ன?

பேச்சை விடச் செய்கை முன்னால் ஓடியது என்பதுதான் வேடிக்கை. தன்பாலினத்தவர் தங்களை மறைத்துக்கொண்டுதான் ராணுவத்தில் இருக்க முடியும் என்ற சட்டத்தை நீக்க 2010 டிசம்பரில் கையெழுத்துப் போட்டார். 2011 பிப்ரவரியில், இனி நீதிமன்றத்தில் டோமாவுக்காக வாதாட மாட்டோம் என்று அவருடைய நீதித்துறை அறிவித்தது. இந்த இரண்டும் நடந்தபோது அவர் வாய் இன்னும் "யோசித்துக்கொண்டுதான்" இருந்தது! 2015 ஜூன் 26இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அனுமதித்த அன்று இரவு வெள்ளை மாளிகை வானவில் நிறத்தில் ஜொலித்தது. அந்த வழக்கை நடத்தியது சாதாரண ஜோடிகளும் அவர்களுடைய வக்கீல்களும். தீர்ப்புக்கு முன்பே 37 மாநிலங்கள் வந்து சேர்ந்திருந்தன. விளக்குப் போட்டது மட்டும் அவர்.

கென்யாவில் போய் இதைப் பேசி வாங்கிக்கட்டிக்கொண்டாராமே?

அந்தத் தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. நைரோபியில் கென்ய அதிபர் உஹுரு கென்யாட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, யாரை நேசிக்கிறார்கள் என்பதற்காக மனிதர்களை வேறு மாதிரி நடத்தக்கூடாது என்றார் ஒபாமா. சில விஷயங்களில் நாங்கள் உங்களோடு ஒத்துப்போகவில்லை, எங்கள் மக்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை என்றார் கென்யாட்டா. அங்கே அவர்கள் பேசிக்கொண்டது திருமணத்தைப் பற்றியே இல்லை, தன்பாலினத்தவரைக் குற்றவாளியாக்காமல் விடுவதைப் பற்றி. கென்யாட்டாவுக்கும் ஊரில் தேவாலயங்கள் உண்டு, தேர்தல் உண்டு. அந்த நிலைமையில் ஒரு தலைவர் எப்படிப் பேசுவார் என்று அந்த மேடையில் நன்றாகத் தெரிந்தவர் ஒபாமாதான்.

ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் மெர்கெல் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 2017இல் ஒரே வாரத்தில் ஓட்டெடுப்புக்கு வழிவிட்டுவிட்டு, தானே எதிர்த்து ஓட்டுப் போட்ட கதை அது. அதை அடுத்த வாரம் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.