சாதாரண மக்களின் கருத்து ஆட்சியாளர்களை அசைக்குமா?

அசைக்கும். ஆனால் திண்ணைப் பேச்சோடு நின்றால் அசைக்காது. எங்கள் குமரி மாவட்டத்தையே பாருங்கள். 2017 டிசம்பரில், ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத ஊர்களிலிருந்து மக்கள் நடந்தே வந்து குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இரவாகியும் எழவில்லை. ரயில் நின்றது. சில நாட்களில் முதல்வரே வந்தார், இறந்தவர் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் அறிவித்தார். சும்மா மனு கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முன்பு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த எங்கள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்ததுகூடப் போராடித்தான். 1954 துப்பாக்கிச் சூட்டில் உயிர்களே போயின. சரி, கேட்டதெல்லாம் கிடைத்ததா? தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிக் கேட்ட மலைத் தாலுகாக்களான தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. அங்கே பொருளாதாரக் கணக்கு மக்கள் குரலைவிடக் கனத்துவிட்டது.