பெயர் பொறித்த கிட்டார்கள்: வாசகர் கேள்வி பதில்

கலைஞர்களின் பெயரில் வெளிவரும் சிக்னேச்சர் கிட்டார்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை சற்று விரிவாகவே பதில் தருகிறோம்.

கேள்வி: என் அபிமானக் கலைஞரின் பெயரில் ஒரு மின் கிட்டார் வந்திருக்கிறது. அதை வாங்கினால் அவருடைய ஒலி எனக்கும் வந்துவிடுமா? கேட்டால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: நண்பர்களின் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. தந்தியில் பிறக்கும் அதிர்வு, தந்திக்கு அடியிலுள்ள காந்தச் சுருளான பிக்கப்பில் மின் அலையாக மாறி, பெடல்களைக் கடந்து, ஆம்பில் பெருகி, ஸ்பீக்கர் வழியாக நம் காதுக்கு வருவதற்குள் பல இடங்களில் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. அந்த வரிசையின் தொடக்கத்தில் இருக்கும் விரல்களை எந்த நிறுவனமும் விற்பதில்லை. அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மின் கிட்டார்களில் மிக மெல்லிய தந்தியின் தடிமன் 0.009 அல்லது 0.010 அங்குலமாக இருக்கும்போது, அவர் 0.013 அங்குலத் தந்தியைப் பூட்டி, எல்லாத் தந்திகளையும் அரைச் சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்து, அவற்றை முரட்டுத்தனமாக வளைத்து வாசித்தார். அவர் மறைந்த பிறகு 1992-இல் அவர் பெயரில் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலை வாங்கி, அதில் மெல்லிய தந்திகளைப் போட்டு மெதுவாக வருடுகிறவருக்கு நல்லதொரு கிட்டாரின் ஒலி கிடைக்கும். ஸ்டீவி ரே வான் கிடைக்க மாட்டார்.

மற்றப் பாதி நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் முதல் சிக்னேச்சர் மாடல் 1988-இல் வந்த எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதன் உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறிய மின்சுற்று ஒன்று உண்டு. அதற்கான குமிழைத் திருப்பத் திருப்ப நடு அதிர்வெண்கள் 25 டெசிபல் வரை உயர, மெலிந்து கணீரென்று இருந்த சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) ஒலி தடித்து, ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) பூட்டிய கிட்டாரின் குரலை நெருங்குகிறது. இளமையில் கிப்ஸன் கிட்டார்களில் அந்தத் தடித்த குரலுக்குப் பழகிய ஒருவர், பின்னாளில் கைக்கு இதமான ஸ்ட்ராட்டுக்கு (ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு) மாறிய பிறகும் அதை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்பதுதான் அந்தக் குமிழின் கதை. ஆகவே பெயர் பொறித்த கிட்டாரில் விலைக்குக் கிடைப்பவை, ஒரு கலைஞர் பல ஆண்டுகள் மேடையில் பட்ட அவதிகளிலிருந்து எடுத்த சில முடிவுகள். அந்த அவதி உங்களுக்கும் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டாலும், அந்தக் கிட்டார் மூலையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எடுத்து வாசிக்கத் தோன்றும் என்றால், அதுவும் எனக்குப் போதுமான காரணமாகவே படுகிறது.

கேள்வி: கிட்டாரில் கலைஞரின் பெயரைப் போடும் வழக்கம் எப்போது தொடங்கியது?

பதில்: 1920-களின் பிற்பகுதியிலேயே, நிக் லூகாஸ் என்ற பாடகரின் பெயரில் கிப்ஸன் நிறுவனம் ஒரு கிட்டாரை வெளியிட்டது, அது மின்சாரம் இல்லாத கிட்டார். மின் கிட்டாரில் இந்த வழக்கத்தை நிலைநாட்டியது, அதே நிறுவனம் 1952-இல் பொன் நிறப் பூச்சோடு வெளியிட்ட லெஸ் பால் மாடல். இன்று ‘லெஸ் பால்’ என்றதும் மனிதரை நினைப்பவர்களைவிட மரத்தை நினைப்பவர்களே அதிகம். 2009-இல் தம் 94-ஆம் வயதில் மறைந்த அந்தக் கலைஞருக்கு இது பெருமையா வருத்தமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ரசிகர்களின் ஆர்வத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அந்த மாடலின் பிற்கால வரலாற்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பனை மந்தமானதால், 1960-களின் தொடக்கத்தில் பழைய வடிவத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய உடலும் இரண்டு கொம்புகளும் கொண்ட புதிய வடிவத்துக்கு நிறுவனம் மாறியது. தொடக்கத்தில் அதிலும் லெஸ் பாலின் பெயரே இருந்தது. சில ஆண்டுகளில் பெயரும் நீங்கியது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1960-களின் நடுவில் கிளாப்டன் போன்ற இளம் பிரிட்டிஷ் கலைஞர்கள், யாரும் பொருட்படுத்தாத அந்தப் பழைய கனத்த கிட்டார்களைத் தேடி வாங்கி, ஆம்பின் ஒலியை உச்சத்துக்கு ஏற்றி வாசிக்கத் தொடங்கினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அதே கிட்டார் வேண்டும் என்றாகிவிட, பழைய கிட்டார்களுக்குப் போட்டி ஏறியது; 1968-இல் நிறுவனம் அதை மறுபடியும் செய்யத் தொடங்கியது. சந்தை கைவிட்ட ஒரு மாடலை ரசிகர்கள் மீட்டெடுத்தார்கள் என்றால் அது மிகை அல்ல.

கேள்வி: பெயின்ட் உரிந்த இடம், சிகரெட் சுட்ட தழும்பு எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்துப் பெருந்தொகைக்கு விற்கிறார்களாமே! இது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

பதில்: நீங்கள் சொல்வது ராக் கலைஞர் எடி வான் ஹேலனின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கிட்டாராக இருக்கலாம். 50 டாலருக்கு ஒரு பாடியும் 80 டாலருக்கு ஒரு நெக்கும் (கழுத்துப் பகுதியும்) வாங்கி, இளைஞரான அவர் தம் கையாலேயே ஒட்டுப்போட்டுச் செய்த கிட்டார் அது. பழைய கிப்ஸன் ஒன்றிலிருந்து கழற்றிய ஹம்பக்கரை, அதிக ஒலியில் வீரிடாமல் இருப்பதற்காக உருக்கிய மெழுகில் முக்கியெடுத்துப் பொருத்தினார். ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேலே பெயின்ட் அடித்து, நாடாவை உரித்தெடுத்தபோது கிடைத்தவைதான் அந்தப் புகழ்பெற்ற கோடுகள். கறுப்பும் வெள்ளையுமாக இருந்த அந்தக் கோடுகளைப் பிறர் நகலெடுக்கவே, அவர் 1979-இல் மேலே சிவப்பையும் பூசினார்.

இனிதான் வேடிக்கை. அந்தக் கிட்டாரின் நெக் ஓரத்தில் ஒரு சிங்கிள் காயில் பிக்கப் இருக்கும். நடுப் பள்ளத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். இரண்டுமே வேலை செய்யாதவை. ஒலியின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது என்று நகலெடுப்பவர்கள் எண்ணிக் குழம்பட்டும் என்று வைக்கப்பட்ட பொய்ச் சரக்கு அது. 2007-இல் ஃபெண்டர் 300 பிரதிகளை, ஒன்று 25,000 டாலர் விலையில் வெளியிட்டபோது, ட்ரெமோலோவுக்கு (கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்புக்கு) அடியில் அவர் திருகி வைத்திருந்த 1971-ஆம் ஆண்டுக் கால் டாலர் நாணயத்தைப் போலவே, அந்த வேலை செய்யாத பிக்கப்பும் பக்தியோடு நகலெடுக்கப்பட்டது. நகலெடுப்பவர்களை ஏமாற்ற வைத்த பொறி, நகலின் மதிப்புக்கே சான்றாகிவிட்டது.

பைத்தியக்காரத்தனமா என்றால், ஒரு சேகரிப்பாளருக்கு அது அருங்காட்சியகப் பொருள். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 1995 முதலே ஃபெண்டர் ‘ரெலிக்’ என்ற பெயரில் புதுக் கிட்டார்களைத் தேய்த்துப் பழையதாக்கி விற்கிறது. தேய்ந்த நெக்கின் வழவழப்பு விரலுக்கு உண்மையிலேயே சுகமானது. ஆனால் தினமும் வாசிப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்தத் தேய்மானம் இன்னொருவரின் முழங்கை உரசிய இடத்தில் இருக்கும். உங்கள் முழங்கை இரண்டு விரற்கடை தள்ளி உரசும். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் ஒரே பாடியில் இரண்டு பேர் வாசித்த அடையாளம் இருக்கும். அதில் ஒருவர் அதைத் தொட்டதே இல்லை.

கேள்வி: பெயரை மட்டும் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளும் கலைஞர்களும் இருப்பார்கள் அல்லவா? உண்மையாகவே அவர் கைவைத்து உருவாக்கியதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நிறத்தையும் பெயரையும் மனத்தால் அழித்துவிட்டுப் பாருங்கள். சாதாரண மாடலில் இல்லாத ஏதாவது ஒன்று மிச்சமிருக்கிறதா? பி.பி. கிங்கின் பெயரோடு 1980-இல் வந்த ‘லூசில்’ மாடலில், அந்த வகைக் கிட்டார்களின் முகத்தில் வழக்கமாக இருக்கும் இரண்டு எஃப் வடிவத் துளைகள் இல்லை. உள்ளீடற்ற அந்த உடல், ஆம்பின் ஒலியை வாங்கித் தானும் அதிர்ந்து ஊளையிடும் தொல்லையைத் தவிர்க்க, அவர் துளைகளில் துணியை அடைத்து வாசித்து வந்தவர். துளையையே எடுத்துவிட்டால் துணி எதற்கு? பெயரை அழித்தாலும் அந்த யோசனை அழியாது. 2016-இல் மியூசிக் மேன் நிறுவனம் பாடகி செயின்ட் வின்சென்ட்டின் பெயரில் வெளியிட்ட கிட்டாரின் ஒடுங்கிய இடுப்பும் அப்படித்தான். எடை குறைவாக, தம் உடலோடு ஒட்டி நிற்கும் ஒன்றை அந்தக் கலைஞர் கேட்டு வாங்கியிருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரியும்.

இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும் கிட்டார், குவீன் குழுவின் பிரையன் மேயின் ‘ரெட் ஸ்பெஷல்’. 1963-இல், பள்ளி மாணவராக இருந்தபோது, தம் தந்தை ஹாரல்டுடன் சேர்ந்து வீட்டிலேயே அதைச் செய்யத் தொடங்கினார். முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. நெக், ஒரு பழைய கணப்படுப்பின் மேற்சட்ட மரம். அதில் புழு துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். ட்ரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள், அதன் கைப்பிடி நுனிக்குப் பின்னல் ஊசியின் முனை, விரல் பதிக்கும் ஃப்ரெட்போர்டின் புள்ளிகளுக்கு முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மூன்று பிக்கப்களுக்கும் தனித்தனியே இயக்கும் சுவிட்சும், அலையின் கட்டத்தைத் திருப்பிப் போடும் சுவிட்சும் இருப்பதால், மற்ற கிட்டார்களில் கிடைக்காத மூக்கொலி போன்ற குரல்களெல்லாம் அதில் கிடைக்கின்றன. பின்னாளில் அவர் பெயரிலேயே அதன் பிரதிகள் விற்பனைக்கு வந்தன என்றாலும், அவற்றை வாங்காமல், அளவுகளைத் தேடிப் பிடித்து, தாமே இழைத்து இழைத்து ஒரு ரெட் ஸ்பெஷலைச் செய்து முடிக்கும் ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், விலைச்சீட்டு தொங்கும் எந்தப் பிரதியையும்விட அவர்களுடைய கிட்டாரே மூலத்துக்கு நெருக்கமானது. மரம் வேறாக இருந்தாலும் செய்த விதம் ஒன்று.

கேள்வி: ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மாடலில் தலைப்பகுதி தலைகீழாக இருப்பது வெறும் அழகுக்காகவா?

பதில்: முற்றிலும் அழகுக்காக என்று சொல்ல முடியாது. இடக்கைக்காரரான அவர் வலக்கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிப் பூட்டி வாசித்தார். அதனால், உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் ஓரத்தில் சாய்வாக இருக்கும் பிக்கப்பின் சாய்வு அவருக்கு எதிர்த்திசையில் அமைந்தது: கனத்த தந்திகளின் ஒலி பிரிட்ஜுக்கு அருகில் எடுக்கப்பட்டதால் இறுக்கமாகவும், மெல்லிய தந்திகளின் ஒலி சற்றுத் தள்ளி எடுக்கப்பட்டதால் கூர்மை தணிந்தும் வந்தது. வலக்கைக்காரர்களுக்கும் இதைத் தருவதற்காகவே பிற்கால மாடல்களில் பிக்கப்பின் சாய்வைத் திருப்பி வைக்கிறார்கள். காதால் கேட்டு உணரக்கூடிய வேறுபாடு அதுதான். தலைப்பகுதியைத் திருப்புவதால் தந்தியின் இழுவிசை மாறாது. வளைக்கும்போது விரலுக்குத் தெரியும் நெகிழ்வு மட்டும் சற்று மாறும்.

கேள்வி: ஐயா, 14 வயதான என் மகள் ஆறு மாதமாகக் கிட்டார் கற்கிறாள். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாயின் ஜெம் மாடல்தான் வேண்டும் என்கிறாள். வாங்கித் தரலாமா?

பதில்: ரசனையில் உங்கள் மகளைக் குறை சொல்ல முடியாது. 1987-இல் ஐபனேஸ் வெளியிடத் தொடங்கிய அந்த மாடலின் உடலில் குடைந்த கைப்பிடியும், பிற்கால வடிவங்களின் ஃப்ரெட்போர்டில் படரும் கொடியும் எந்தச் சிறுமியையும் மயக்கும். சிக்கல், அதன் மிதக்கும் ட்ரெமோலோவில் இருக்கிறது. தந்திகள் ஒரு பக்கம் இழுக்க, பின்னாலுள்ள ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்க, இரண்டின் சமநிலையில் பிரிட்ஜ் தராசு முள்ளைப் போல நிற்கிறது. ஒரு தந்தியின் சுருதியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். அவற்றைச் சரிசெய்தால் முதலாவது நழுவும். ஒரு தந்தி அறுந்தால் மொத்தக் கிட்டாரும் சுருதி விட்டுப் போகும். தந்தி மாற்ற அறுகோணச் சாவி வேண்டும், அதைவிட அதிகமாகப் பொறுமை வேண்டும். ஆறு மாத மாணவிக்குச் சுருதி சேர்ப்பதே ஒரு பாடமாக இருக்கும்போது, இந்தச் சள்ளை கிட்டாரையே வெறுக்க வைத்துவிடக்கூடும்.

ஜெம் வடிவமைப்பிலிருந்து கிளைத்து, அதே ஆண்டில் வந்தது ஆர்ஜி வரிசை. மெல்லிய நெக், 24 ஃப்ரெட்கள், கூர்மையான கொம்புகள் எல்லாம் அதிலும் உண்டு. அசையாத பிரிட்ஜ் பொருத்திய ஆர்ஜி மாடல்களும் கிடைக்கின்றன. இப்போதைக்கு அதை வாங்கிக் கொடுங்கள். ட்ரெமோலோவை அழுத்திச் சுருதியைப் பாதாளத்துக்கு இறக்க வேண்டும் என்று அவளுக்கே கை அரிக்கும் நாளில் ஜெம்மைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். அதுவரை கொடி ஓவியம் அறைச் சுவரில் இருக்கட்டும்.

கேள்வி: கிளாப்டன் மாடல் ஒன்றை வாங்கி, மதிப்புக் குறையக் கூடாது என்று பெட்டியிலிருந்தே எடுக்காமல் வைத்திருக்கிறேன். செய்தது சரிதானே?

பதில்: 2019-இல், பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட் 39,75,000 டாலருக்கு ஏலம் போனது, அவர் அதைப் பெட்டியில் வைத்திருந்ததால் அல்ல, பல பத்தாண்டுகள் அதை வாசித்துத் தள்ளியதால். நீங்களும் நானும் வாசித்தால் அந்த விலை வராது என்பது உண்மைதான் என்றாலும், தொழிற்சாலையில் தொகுதி தொகுதியாகச் செய்த ஒரு மாடலைத் தொடாமல் வைத்திருப்பதாலும் பெரிதாக எதுவும் வந்துவிடப் போவதில்லை. சேமித்தே ஆக வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், தந்திகளை அடியோடு தளர்த்திவிடாதீர்கள்; உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டின் இழுவிசைக்கு எதிர்விசை இல்லாமல் நெக் பின்புறமாக வளையலாம். அதற்கு முன்பு, இன்றைக்கே, பெட்டியைத் திறந்து அந்த 9 வோல்ட் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். அது கசிந்தால், எந்தக் குமிழுக்காக அந்த மாடலை வாங்கினீர்களோ அந்தக் குமிழின் மின்சுற்றைத்தான் அரித்துத் தின்னும்.